கும்மித் திடலுக்கு அத்தையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கமுங்க. நாங்கள் காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு 67 வயது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் மாமனார் தவறிவிட்டார். முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை. சொந்தபந்தம் ஒருவரும் வர முடியவில்லை. அன்றிலிருந்து அத்தை ஆளே மாறிவிட்டார். முன்பெல்லாம் சுற்றுவட்டாரத்தில் எந்த எழவு வீடானாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் எதிர்பார்ப்பார்கள். இப்போது எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. களை எடுக்க வரும் பாட்டியம்மா ஒருவரோடு மட்டும் வரப்பில் உட்கார்ந்து ஏதோ பேசுவார். போன வருஷம் மனநல மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரையில் தூக்கமும் சாப்பாடும் பரவாயில்லை. ஆனால் பழைய அத்தை திரும்பி வரவில்லை. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலியும் உண்டு.

இப்போது ஊர் மாரியம்மன் கோயில் திடலில் சாயங்காலம் வள்ளிக்கும்மி பயிற்சி நடக்கிறது. ஸ்பீக்கர் பாட்டு எங்கள் தோட்டம் வரைக்கும் கேட்கும். போன வாரம் பால் கறந்துகொண்டே அத்தை அந்தப் பாட்டை முணுமுணுத்தார். கூட்டிப் போகலாம் என்றால் என் வீட்டுக்காரர், "அம்மா வெள்ளைச் சேலை கட்டினவங்க, கும்மியடிச்சா ஊரு என்ன பேசும்?" என்கிறார். அத்தையும் "நா எதுக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டார். கும்மியடித்தால் சர்க்கரையும் மனச்சோர்வும் குணமாகும், மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மைதானா? கூட்டிப் போகலாமா?

– ஒரு மருமகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிப் போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் கும்மியைவிட என்னை அதிகம் நிறுத்தியது ஒப்பாரி. அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊர் முழுக்க ஒப்பாரி பாடியவர், தன் கணவருக்கு ஒரு வரி பாட முடியவில்லை. உங்கள் அத்தைக்கு நடந்தது அதுதான்.

ஈரோட்டில் மனநல மருத்துவராக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் பக்கத்து எழவு வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு மருத்துவனாகப் பலமுறை யோசித்திருக்கிறேன். பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொள்வார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வரியின் கடைசியில் சேர்ந்து இழுப்பார்கள். போனவருடைய பெருமை வரும், அவர் தோண்டிய கிணறு வரும், வாங்கிய மாடு வரும், கட்டாமல் விட்ட கடனும் வரும். நாத்தனார் மேல் இருக்கிற குறைகூட அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும், அன்றைக்கு யாரும் அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள். புதிதாக ஒரு ஊர்க்காரர்கள் வந்து இறங்கினால் திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆகும்போது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கும், உடம்பு ஓய்ந்திருக்கும். சொல்ல வேண்டியதில் பாதியாவது வெளியே வந்திருக்கும். தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் நாற்பது ஐம்பது பேர் முன்னால் சொல்லியிருப்பாள், அவர்களும் அதைக் கேட்டுக் கூட அழுதிருப்பார்கள்.

2021 மே மாதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பொட்டலம் மாதிரி கட்டிய உடல், ஒரு வண்டி, மின்மயானம், நாலு பேர். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு பதினாலு நாள். அந்த வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வந்த பெண்களில் பலர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "நா அழுகவே இல்லீங்க டாக்டர்." அதைச் சொல்லும்போதும் அவர்கள் கண்ணில் தண்ணீர் வராது. எனக்கு அதுதான் கவலை தந்தது.

துக்கம் நோய் இல்லை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் அதே கூர்மையோடு நின்று, அன்றாட வாழ்க்கையை நடக்க விடாமல் செய்தால், அதை ‘நீடித்த துக்கம்’ என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகவே குறிக்கிறது. அதோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும். அத்தைக்குத் தூக்கமும் பசியும் திரும்பியது அதனால்தான். ஆனால் போனவரைப் பற்றிய ஏக்கத்தை மாத்திரை மட்டும் கரைத்துவிடாது, அதற்குப் பேச்சு வேண்டும், ஆள் வேண்டும். "பழைய அத்தை திரும்பி வரவில்லை" என்று நீங்கள் எழுதியதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பார்க்கும் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது 2021-ல் நடந்ததை விரிவாகச் சொல்லுங்கள். துக்கத்துக்கென்றே பேசிச் செய்யும் சிகிச்சை இருக்கிறது, அவர் அதற்கு ஏற்பாடு செய்வார்.

துக்கத்தைச் சேர்ந்து அழுது இறக்கிவைப்பது நம் ஆட்களுக்குப் புதிய சங்கதி இல்லை. உங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில்தான் 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர், உடுக்கையடித்து இரவிரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையை, ஒலிநாடாவில் பதிவு செய்தார். இருவரும் படுகளத்தில் விழுந்த பிறகு அவர்கள் தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடி அழுதுகொண்டு வரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தால் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தாங்கமாட்டார்கள். அவரவர் வீட்டில் போனவரை நினைத்துத்தான் அழுவார்கள். தங்காள் பெயரைச் சொல்லித் தன் அண்ணனுக்கும், தன் பிள்ளைக்கும் அழ ஓர் இடம் கிடைத்தது. அத்தைக்கு அந்தக் கதை நிச்சயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சரி, கும்மிக்கு வருவோம்.

வீடியோவில் சொன்னது பொய். கும்மியடித்தால் சர்க்கரை நோய் குணமாகாது. எந்த வேக நடையையும் போல, வாரத்தில் நாலைந்து நாள் அரைமணி நேரம் கும்மியடித்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க உதவும், அவ்வளவுதான். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், விட்ட நோயும் திரும்ப வரலாம். முழுசாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது எங்கள் வழக்கம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த வீடியோவை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல கலைக்கு இந்த மாதிரிப் பொய் கெட்ட பேரைத்தான் வாங்கித் தரும்.

கலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பதற்கு உண்மையான சான்றுகளே போதுமான அளவுக்கு இருக்கின்றன. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய் வராமல் தடுப்பதிலும், வந்த நோயோடு வாழ்வதிலும் பாட்டு, ஆட்டம், நாடகம், ஓவியம் எல்லாம் உதவுகின்றன என்பது அதன் முடிவு. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நடை, நீச்சல், சைக்கிள் என்று பார்த்த உடலசைவு வேலைகளில், மறதி நோய் குறைவாக வந்ததோடு தொடர்பு தெரிந்தது ஆட்டத்துக்கு மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். நடக்கும்போது கால் மட்டும் நடந்தால் போதும். கும்மியில் அடுத்த அடவு எது, பாட்டு எந்த வரியில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார், எங்கே குனிய வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று மூளை ஒரே நேரத்தில் அத்தனையையும் கவனிக்கிறது.

ஆடாமல் சும்மா பார்த்தால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரைப் பதினாலு வருஷம் கவனித்தார்கள். நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போனவர்கள் அந்தக் காலத்தில் இறப்பதற்கான வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல உடம்போடும் வசதியோடும் இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. ஆய்வு செய்தவர்கள் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு நின்ற வித்தியாசம் இது. அப்படியும் இது கலைதான் ஆயுளைக் கூட்டியது என்று நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து போகின்றன என்று காட்டுகிறது. அத்தையை முதல் பத்து நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க வைக்க இவ்வளவு ஆதாரம் எனக்குப் போதும்.

சேர்ந்து ஆடுவதில் இன்னொரு சங்கதி உண்டு. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆட வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தபோது வலி தாங்கும் சக்தி கூடியது, பக்கத்தில் இருப்பவர் மேல் நெருக்கமும் கூடியது. அலுங்காமல் செய்த சின்ன அசைவில்கூட இது தெரிந்தது. இருபது பேர் கை ஒரே சத்தமாகக் கொட்டும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பது கும்மியடித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நடைமுறை. அத்தையிடம் "கும்மிக்குப் போலாம் வாங்க" என்று கேட்காதீர்கள். "நா எதுக்கு கண்ணு" என்றுதான் மறுபடியும் வரும். "எனக்குத் தனியா போக ஒரு மாதிரி இருக்குங்கத்தை, தொணைக்கு வாங்க" என்று கேளுங்கள். நீங்கள் கற்றுக்கொள்ளச் சேருங்கள், அவர் உட்காரட்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்த் திடல் ஓரத்தில் போடுங்கள், ரொம்பத் தள்ளி வேண்டாம். வாரத்தில் எந்தெந்த நாள் என்று முடிவு செய்து, அந்த நாளில் அவருக்கு மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போங்கள். மனச்சோர்வில் ஆசை வந்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் கிளம்பவே முடியாது. போய் உட்கார்ந்த பிறகுதான் ஆசை மெல்ல வரும். கும்மி ஆசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இவர் பாடத் தெரிந்தவர் என்று. நோயாளி என்று சொல்ல வேண்டாம். ஒருநாள் ஆசிரியர், "அம்மா, இந்த வரிக்குப் பழைய மெட்டு என்னங்?" என்று கேட்டால் போதும். ஊரில் ஒப்பாரி எடுத்துக் கொடுத்தவருக்கு இருபது பெண்கள் தன் குரலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். நான்கு வருஷத்துக்கும் மேலாக யாரும் அவர் குரலுக்காகக் காத்திருக்கவில்லை.

அவர் எழுந்து ஆட விரும்பினால் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். இதில் என்னைவிட உங்கள் கண்தான் முக்கியம்.

கால். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அப்போது முள் ஏறினாலும் தெரியாது. உங்கள் பக்கத்து மண் சரளையும் வேலமுள்ளும் கலந்த மண். கோயில் திடலில் செருப்பு கூடாது என்றால், ஆடும் இடத்தை நன்றாகக் கூட்டச் சொல்லுங்கள், வெளிச்சம் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் கழுவி, விரல் இடுக்கு வரை நீங்கள் பார்க்க வேண்டும். தினமும். சின்னக் கீறல் என்று விட்டு, விரலை எடுக்க வேண்டிய நிலையில் வந்தவர்கள் பலர்.

வயிறு. பயிற்சி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஆடினால் சர்க்கரை இறங்கிவிடலாம். கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு இட்லியோ சாப்பிட வையுங்கள். மடியில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் என்றால் உடனே தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

முழங்காலுக்கு, குதிக்கும் அடவும் தரையோடு உட்கார்ந்து எழும் அடவும் வேண்டாம். நின்ற இடத்தில் கை கொட்டி, இரண்டடி முன்னும் பின்னும் வைத்தால் போதும். ஆடிய மறுநாள் காலையிலும் வலி கூடுதலாகவே இருந்தால் முந்தின நாள் அளவு அதிகம் என்று அர்த்தம். பிரஷர் மாத்திரையால் சிலருக்குக் குனிந்து நிமிரும்போது தலை சுற்றும். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல் ஏற்கெனவே இருந்தால் இதய மருத்துவரிடம் காட்டாமல் ஆட விடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் மேல் கோபப்படாதீர்கள். அவரும் அப்பாவை அதே நாளில், அதே மாதிரிதான் இழந்திருக்கிறார். அம்மா ஆடினால் அப்பாவை மறந்துவிட்டது போல ஆகிவிடும் என்ற பயம் அந்தப் பேச்சுக்குள் இருக்கலாம். ஊர் பேசுவதைப் பற்றி அவருக்கு ஒன்று சொல்லுங்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். பெண்கள் இதை ஆடுவதா என்று அன்றைக்கும் பேசியிருப்பார்கள். இன்று கொங்கு நாட்டில் கும்மித் திடல் நிறையப் பெண்கள்தான். வெள்ளைச் சேலையோடு ஒருவர் வந்து நிற்பதும் அப்படிப் பழகிவிடும். முதலில் யாராவது ஒருவர் வந்து நிற்க வேண்டும். உங்கள் அத்தைக்கு அந்தச் சுமையைத் தனியாகத் தர வேண்டாம். ஊரில் கணவரை இழந்த பெண்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அத்தை மனம் விட்டுப் பேசும் ஒரே ஆள் களை எடுக்க வரும் பாட்டியம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவும் திடலுக்கு வரலாமா? வந்தால் வரிசையில் நிற்க இடம் தருவார்களா, அல்லது ஓரத்தில் நின்று பார்க்கச் சொல்வார்களா? நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் நல்ல பதில் வருவதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஊர் முழுக்கக் கை கோக்கும் கலை என்று மேடையில் சொல்லிவிட்டு, ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்தினால், அந்தப் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுச் சத்தம் நல்லது செய்யாது, வலிக்கத்தான் செய்யும். உங்களால் முடிந்தால் இரண்டு நாற்காலி கொண்டுபோங்கள். அத்தைக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்காரட்டும். அத்தைக்கும் அந்தத் துணை அன்றைக்கு என்னைவிடப் பெரிய மருத்துவம்.

ஓர் எச்சரிக்கை. பேச்சு திடீரென்று நின்றுபோவது, "நானும் அவருகூடப் போயிருக்கலாம்" என்று சொல்வது, நகையை எடுத்துப் பங்கு வைப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது – இதில் எது தெரிந்தாலும் கும்மியை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரத்திலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாளையில் பயிருக்கு அடிக்கும் மருந்து வைத்திருப்பீர்கள். அதை இன்றைக்கே பூட்டிச் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒப்பாரி. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று அத்தை நினைப்பார், அதை மதியுங்கள். வீட்டுக்குள் கேட்க வேண்டாம். மாமனார் நினைவு நாள் வரும்போது, தோட்டத்தில் அவர் நட்ட மரம் ஏதாவது இருந்தால் அதன் கீழே, அத்தை, அந்தப் பாட்டியம்மா, நீங்கள் மூவரும் உட்காருங்கள். அன்றைக்குப் பாட முடியாமல் போனதைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். "மாமாவுக்கு என்ன பாடியிருப்பீங்கத்தை?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பாடினால் பாடட்டும். அழுதால் தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒன்றும் நடக்காவிட்டால் எழுந்து வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கள். அடுத்த மாதம் கேட்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, திடலுக்குப் போன நாள், தூங்கிய நேரம், முணுமுணுத்த பாட்டு என்று தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். மாத்திரையின் அளவை முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.